உப்பைப் பொறுக்கும் கரி

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் காணை, கெடார், கண்டாச்சிபுரம் என்று அடுத்தடுத்து வரும் ஊர்கள் பாறையின் மேல் அமைந்தவை. திண்டிவனத்துக்குக் கிழக்கே வானூர், மரக்காணம் பக்கம் படிவு மண் என்பதால் அங்கே நிலத்தடி நீரின் கதை வேறு. மேற்கில் சார்னகைட்டும் நைஸும்தான் அடித்தளம். தண்ணீர் தங்குவதெல்லாம் மேலே மக்கிச் சிதைந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே ஓடும் விரிசல்களிலும்தான். திறந்த கிணறு வற்றி, போர் போட்டு, அந்தப் போரும் வற்றி இன்னும் ஆழமாகப் போட்டால், பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. கூடவே கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் வருகின்றன. வயலில் கொட்டிய யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சியது நைட்ரேட்டாகக் கீழே இறங்கிச் சேர்கிறது. சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத இந்தத் தண்ணீருக்கு அரசும் தனியாரும் இன்று தரும் ஒரே பதில் ஆர்.ஓ. கடல்நீருக்கு அது சரியான பதில். கெடார் வட்டாரம் போன்ற உள்நாட்டுப் பாறைப் பகுதிகளின் மிதமான உப்புத் தண்ணீருக்கு அது பொருந்தாத பதில் என்பது என் வாதம். பொருந்தக்கூடிய பதில் மின்முனையில் இருக்கிறது. அந்த மின்முனைக்கு வேண்டிய மூலப்பொருளும் நம் கையருகே கிடக்கிறது. அதை வளர்த்தெடுக்க அரசு இதுவரை மனம் வைக்கவில்லை.

ஆர்.ஓ. செய்யும் வேலையை முதலில் பார்ப்போம். மிக நுண்ணிய சவ்வு ஒன்றின் மேல் தண்ணீரை உயர் அழுத்தத்தில் தள்ளினால் தண்ணீர் மறுபக்கம் போகும், உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். நிற்கும் உப்பை அடித்துக்கொண்டு போகவும் தண்ணீர் வேண்டும். அதுதான் நாம் ‘ரிஜெக்ட்’ என்று சொல்லிச் சாக்கடையில் விடும் தண்ணீர். வீட்டுச் சுவரில் மாட்டும் சாதாரண ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. ஊராட்சி அளவிலான ஆலைகள் அவ்வளவு மோசமில்லை என்றாலும், பாதிக்குப் பாதி என்பது அங்கே சாதாரணம். 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைக் கவனித்தது. கரைந்த திடப்பொருள், அதாவது மக்கள் டி.டி.எஸ். என்று சொல்வது, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும், மற்ற இடங்களில் குறைந்தது 60 சதவீதத் தண்ணீரையாவது மீட்க வேண்டும் என்று அது சொன்னது. வறண்ட மாவட்டத்தில், ஆயிரம் அடிக்கு மின்சாரம் கொடுத்து இழுத்த தண்ணீரில் பாதியை, முன்பைவிட இரண்டு மடங்கு உப்போடு தெருவிலும் குட்டையிலும் விடுகிறோம். அது மண்ணில் இறங்கி அதே நிலத்தடிக்குத் திரும்புகிறது. அடுத்த ஆண்டு அதே ஆலை இன்னும் கடினமான தண்ணீரோடு போராடுகிறது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். 500க்குள் இருந்தால் நல்லது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. நம் உள்நாட்டு ஊர்களின் பிரச்சினை பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது. 1200 இருப்பதை 400 ஆக்கினால் போதும். ஆனால் ஆர்.ஓ. அதை 50, 60 வரை கொண்டுபோய் நிறுத்துகிறது. பிறகு கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலக்க வேண்டும், அல்லது தாது இல்லாத தண்ணீரையே குடிக்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது, கிணற்று நீரில் ஒரு கிராம்தான். முப்பத்தைந்து பங்கு வித்தியாசம் உள்ள இரண்டு நோய்களுக்கு ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அரிசியில் கல் கிடந்தால் கல்லைப் பொறுக்குகிறோம். அரிசியை ஒவ்வொன்றாக எடுத்து வேறு பாத்திரத்தில் போடுவதில்லை. ஆயிரம் கிராம் தண்ணீரில் ஒரு கிராம் உப்பு இருக்கும்போது ஆயிரம் கிராம் முழுவதையும் சவ்வின் வழியே தள்ளுவது அரிசியைப் பொறுக்கும் வேலை. கல்லைப் பொறுக்கும் முறைக்கு மின்தேக்க அயனி நீக்கம் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சி.டி.ஐ. என்கிறார்கள். நுண்துளைக் கரியால் செய்த இரண்டு தகடுகளைக் குறுகிய இடைவெளியில் எதிரெதிரே வைத்து, நடுவே தண்ணீரை ஓடவிட்டு, தகடுகளுக்கு இடையே 1.2 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். டார்ச் பேட்டரி ஒன்றைவிடக் குறைவு இது. தண்ணீரில் கரைந்த உப்பு எல்லாம் மின்னூட்டம் உள்ள அயனிகளாகத்தான் இருக்கிறது. சோடியமும் கால்சியமும் எதிர்மின் தகட்டை நோக்கிப் போகின்றன. குளோரைடும் நைட்ரேட்டும் நேர்மின் தகட்டை நோக்கிப் போகின்றன. இரண்டும் கரியின் துளைகளுக்குள் புகுந்து சுவரோடு ஒட்டி நிற்கின்றன. தண்ணீர் தன் வழியே போகிறது, உப்பு குறைந்து வெளியே வருகிறது. கரி நிரம்பியதும் மின்னிணைப்பைத் துண்டித்தாலோ திசை மாற்றினாலோ பிடித்த உப்பை அது விட்டுவிடும். கொஞ்சம் தண்ணீரை ஓட்டி அதைக் கழுவி வெளியேற்றினால் மறுபடி தொடங்கலாம். தண்ணீரின் தன்மையைப் பொறுத்து, உள்ளே போகும் நீரில் 70 முதல் 90 சதவீதம் வரை குடிநீராகக் கிடைக்கும். உயர் அழுத்தப் பம்பு தேவையில்லை. எந்த அளவு உப்பு இருக்கட்டும் என்பதை மின்னோட்டத்தையும் நீரின் வேகத்தையும் கொண்டு நாமே முடிவு செய்யலாம். 400இல் நிறுத்த நினைத்தால் 400இல் நிறுத்தலாம்.

இதன் கணக்கு யாரும் போட்டுப் பார்க்கக்கூடியது. ஒரு லிட்டரில் ஒரு கிராம் சமையல் உப்பை எடுக்க ஏறத்தாழ 1650 கூலம் மின்னூட்டம் தேவை. 1.2 வோல்ட்டில் அதைக் கொடுத்தால் ஆயிரம் லிட்டருக்கு அரை யூனிட்டைவிடச் சற்றுக் கூடுதலாக வரும். கசிவும் இழப்பும் சேர்த்தால் முக்கால் யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். கரி எவ்வளவு வேண்டும்? நல்ல கிளர்வூட்டிய கரி, கடைமொழியில் ஆக்டிவேட்டட் கார்பன், ஒரு கிராமுக்குப் பத்து மில்லிகிராம் அளவுக்கு உப்பைப் பிடிக்கிறது. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் என்றால் மணிக்கு ஆறு சுற்று. மணிக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பைக் குறைக்க 17 கிலோ கரி இருந்தால் போதும். ஒரு ஊரின் குடிநீர் இயந்திரத்துக்குள் இருக்கும் மின்முனைக் கரியை ஒரு சாக்குப் பையில் போட்டு ஒருவரே தூக்கிவிடலாம். பிரச்சினையின் எடை இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகும் இதை எட்டாத தொழில்நுட்பம் போலப் பேசுவது சரியாகாது.

அப்படியானால் இது ஏன் இன்னும் பரவவில்லை? காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஆர்.ஓ.வும் மின்முனை முறையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. கலிஃபோர்னியாவில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் பயன்படத்தக்க முதல் ஆர்.ஓ. சவ்வை உருவாக்கியது 1950களின் இறுதியில். நுண்துளை மின்முனைகளால் தண்ணீரின் உப்பை நீக்கலாம் என்று ஓக்லஹாமா பல்கலைக்கழகத்தின் பிளேரும் மர்ஃபியும் எழுதியது 1960இல். அதன்பின் சவ்வுக்கு அறுபது ஆண்டு உழைப்பு கிடைத்தது. செல்லுலோஸ் அசிடேட் போய் மெல்லிய பாலியமைடு படலம் வந்தது. அழுத்தம் குறைந்தது, விலை குறைந்தது, உலகம் முழுக்க ஆலைகள் எழுந்தன. மின்முனைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அன்றைய கரியில் துளைகள் போதாது. நேர்மின் பக்கத்துக் கரி மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து பிடிக்கும் திறனை இழந்தது. 1990களில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜோசஃப் ஃபார்மர் குழு கார்பன் ஏரோஜெல் என்ற நுரை போன்ற கரியைக் கொண்டு முயன்றபோதுதான் அந்தத் துறை மறுபடி எழுந்தது. 2000க்குப் பிறகு கரித் தகட்டின் முகத்தில் அயனிப் பரிமாற்றச் சவ்வு போர்த்தும் முறை வந்தது. நெதர்லாந்தின் வோல்டியா போன்ற நிறுவனங்கள் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஒரு நுட்பத்தின் வெற்றி அதன் தத்துவத்தில் முடிவாவதில்லை என்பதற்கு இந்த இரண்டு கதைகளும் சாட்சி. பொருளில் யார் பாடுபட்டார்கள் என்பதில்தான் அது முடிவாகிறது.

பொருள் என்றால் இங்கே முதலில் துளை. தேங்காய்த் தொட்டிக் கரியை நீராவியில் கிளர்வூட்டினால் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டருக்கும் கூடுதலான உட்பரப்பு உருவாகிறது. ஒரு கிராம் கரிக்குள் 25 சென்ட் நிலம் இருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் பரப்பு மட்டும் போதாது. துளை மிகச் சிறியதாக இருந்தால் அயனி நுழையத் தாமதமாகும், பெரிதாக இருந்தால் பிடிப்பு குறையும். அதைவிட முக்கியமானது, துளையின் வடிவமே எந்த அயனி நுழையலாம் என்று தேர்ந்தெடுக்கும் என்பது. 2019இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் இதைக் காட்டினார்கள். ஒரு நானோமீட்டருக்கும் குறைவான, பிளவு போன்ற துளைகள் உள்ள கரி, குளோரைடு நிறைந்திருக்கும் தண்ணீரிலும் நைட்ரேட்டைத் தேடிப் பிடிக்கிறது. நைட்ரேட் தட்டையான அயனி, தன்னைச் சுற்றித் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்வதில்லை என்பதால் அந்தக் குறுகிய பிளவில் எளிதாக நுழைகிறது. ஃபுளூரைடு இதற்கு நேர் எதிர். சிறிய அயனியானாலும் தண்ணீர்ப் போர்வையை விடாது. அதனால் வெறும் கரி அதைக் கடைசியாகத்தான் பிடிக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு, இந்த முறையைத் தொழில் அளவில் ஃபுளூரைடு, ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றை நீக்கப் பயன்படுத்துவதைப் பற்றியது. அங்கிருந்தே இன்னோடிஐ என்ற நிறுவனமும் உருவாகியிருக்கிறது. நம் மாநிலத் தலைநகரில், நம் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனத்திலேயே இந்த வேலை நடக்கிறது என்பதை ஊராட்சிகளுக்குக் கருவி வாங்கும் அலுவலகங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்தத் துறையைப் பின்தொடர்பவர்கள் புதுப்புதுப் பெயர்களைக் கேட்டிருப்பார்கள்: கிராஃபீன், மெக்சீன், மாங்கனீசு ஆக்சைடு, பிரஷ்யன் நீலம். கடைசி இரண்டும் மின்கல வகை. அயனியை மேற்பரப்பில் ஒட்டவைக்காமல் படிகத்துக்குள்ளேயே இழுத்துக்கொள்வதால் கரியைவிடப் பல மடங்கு பிடிக்கும். 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் யி குய் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை ‘உப்பு நீக்கும் பேட்டரி’ என்ற வடிவில் காட்டினார்கள். அதன் ஒரு பக்கத்தில் வெள்ளி இருந்தது. அழகான அறிவியல் அது. கடல்நீருக்கும் நாளை லித்தியம் பிரித்தெடுக்கவும் பயன்படலாம். கெடார் வட்டாரத்துக்கு இன்று அது வேண்டியதில்லை. சோடியத்தைத் தேடிப் பிடிக்கும் பொருளைக் கால்சியமும் நைட்ரேட்டும் தொல்லை தரும் ஊரில் வைத்து என்ன பயன்? நமக்குத் தேவை மலிவான, நீடிக்கும், நைட்ரேட்டை விரும்பும் கரி. பளபளக்கும் பொருளுக்கு ஆய்வு நிதி எளிதில் கிடைக்கிறது. சாதாரணக் கரியை ஐந்து ஆண்டு உழைக்கவைப்பதற்கு யாரும் நிதி கேட்பதில்லை, கேட்டாலும் கிடைப்பதில்லை. இந்த வரிசை மாற வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

கரி எங்கிருந்து வரும் என்பதற்குத் தமிழ்நாட்டை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. ஆய்வகங்களில் மின்முனைக்குப் பரவலாகப் பயன்படும் ஜப்பானின் குராரே நிறுவனக் கரியே தேங்காய்த் தொட்டியிலிருந்து செய்ததுதான். பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் கிடைக்கும் தொட்டி அதே தொட்டிதான். நாம் அதைச் சுட்டுக் கரியாகவும் வடிகட்டித் தரத்திலும் விற்கிறோம், அதற்கு மேலே உள்ள மின்முனைத் தரத்தின் மதிப்பை வேறு நாடுகளுக்கு விட்டுவிடுகிறோம். விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே, திண்டிவனத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஊரறிந்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அங்கிருந்துதான் டி.எம்.வி. ரகங்களைக் கொடுத்தது. காயின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தோல். அது அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போகிறது. முண்டியம்பாக்கம் பக்கம் கரும்புச் சக்கை, மரக்காணம் பக்கம் சவுக்கு, நெல் அரைக்கும் இடமெல்லாம் உமி. எல்லாமே சமம் என்று சொல்லமாட்டேன். உமியில் சிலிக்கா சாம்பல் அதிகம். அதைக் கழுவி நீக்காமல் மின்முனை செய்ய முடியாது. மல்லாட்டைத் தோலில் சாம்பல் குறைவு, ஆனால் அதன் கரி தொட்டிக் கரி அளவுக்கு உறுதியில்லை. எது எந்தத் தண்ணீருக்கு ஒத்துவரும் என்பது சோதித்துத் தெரிய வேண்டியது. ஒரு ஊருக்குப் பதினேழு கிலோ என்ற கணக்கை நினைவில் வைத்தால், அடுப்புக்குப் போகும் தோலில் மிகச் சிறிய பகுதியே மாவட்டம் முழுவதற்கும் போதும்.

இவ்வளவு சொன்னபின் ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. மின்முனையில் விலை கூடியது கரியே அல்ல. கரிக்கு மின்சாரம் கொண்டுவரும் கிராஃபைட் தகடும், முகத்தில் போர்த்தும் அயனிப் பரிமாற்றச் சவ்வும்தான் விலையை ஏற்றுகின்றன. ஆனால் இதிலும் நாம் வெறுங்கையோடு இல்லை. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மின்முனை என்பதே அதன் மையத் தொழில். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் அயனிப் பரிமாற்றச் சவ்வில் நீண்ட அனுபவம் உடையது. கரி தெரிந்தவர்கள், மின்முனை தெரிந்தவர்கள், சவ்வு தெரிந்தவர்கள் மூன்று ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை ஒரே வேலைக்கு இழுக்கும் வாடிக்கையாளர்தான் இல்லை. தமிழ்நாட்டில் அந்த வாடிக்கையாளர் குடிநீர் வடிகால் வாரியமும் ஊரக வளர்ச்சித் துறையுமே ஆக முடியும்.

இனி மறுப்புகள். மிகவும் கனமானது 2019இல் யேல் பல்கலைக்கழகத்தின் மெனக்கெம் எலிமெலெக் குழு எழுதியது. ஒரே தண்ணீர், ஒரே மீட்பு அளவு என்று வைத்து ஒப்பிட்டால் மின்முனை முறையைவிட ஆர்.ஓ. குறைந்த மின்சாரத்தில் வேலையை முடிக்கும் என்பது அவர்கள் முடிவு. ஸ்டான்ஃபோர்டு, லிவர்மோர் ஆய்வாளர்கள் அதே ஆண்டு மறுப்பு எழுதினார்கள். ஒப்பிட்ட மின்முனைக் கருவிகள் நன்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல, இயக்கிய விதமும் சிறந்ததல்ல என்றார்கள். இந்தச் சர்ச்சையில் யேல் குழுவின் பக்கம் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். உப்பு இரண்டாயிரத்தைத் தாண்டி ஏற ஏற அவர்கள் சொல்வதன் வலுவும் ஏறுகிறது. அதனால் என் வாதத்தை மின்சாரக் கணக்கின் மேல் கட்டவில்லை. ஆயிரம் லிட்டருக்குக் கால் யூனிட் கூடுதலாகப் போனாலும் அது ஊராட்சியைக் கவிழ்க்காது. பாதித் தண்ணீரை இழப்பது கவிழ்க்கும். ஒப்பீட்டில் வரும் ஆர்.ஓ. நன்றாகப் பராமரித்த, 75, 80 சதவீதம் மீட்கும் ஆலை. கடினத்தன்மை மிகுந்த தண்ணீரில் ஒரு சிறு ஆலையை அந்த அளவுக்கு இயக்கினால் சவ்வின் மேல் சுண்ணாம்பு படிந்து சீக்கிரமே அடைத்துவிடும். அதனால்தான் இயக்குபவர் வால்வைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வீணாக்கிச் சவ்வைக் காப்பாற்றுகிறார். காகிதத்து ஆர்.ஓ.வையும் கிராமத்து மின்முனையையும் ஒப்பிடுவது நியாயமில்லை. இரண்டையும் கிராமத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

சுண்ணாம்பு மின்முனையை விட்டுவைக்குமா என்று கேட்கலாம். விட்டுவைக்காது. எதிர்மின் பக்கத்தில் காரத்தன்மை கூடும் இடங்களில் கால்சியம் கார்பனேட் படியும். திசை மாற்றி இயக்குவதும் அவ்வப்போது சிட்ரிக் அமிலத்தில் கழுவுவதும் அதற்கு மருந்து. நேர்மின் கரி தேய்வதும் உண்மை. மின்னழுத்தத்தைக் குறைத்து இயக்கினால் தேய்மானம் குறையும், கூடவே திறனும் குறையும். கிருமிகளை இந்த முறை கொல்லாது, சிலிக்காவை எடுக்காது, மின்னூட்டம் இல்லாத பூச்சிக்கொல்லி எச்சத்தையும் எடுக்காது. குளோரினோ புற ஊதா விளக்கோ தனியாக வேண்டும். இவை எல்லாம் குறைகள்தான். ஆனால் குறைகளின் வகையைப் பார்க்க வேண்டும். ஆர்.ஓ. சவ்வு அடைத்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். கரித் தகடு தேய்ந்தால் அதை மறுபடி செய்ய முடியும், மாவட்டத்திலேயே செய்ய முடியும். ஒன்றில் குறை வெளியூருக்குப் பணமாகப் போகிறது, மற்றொன்றில் உள்ளூருக்கு வேலையாக வருகிறது.

பிரித்த உப்பு எங்கே போகும் என்ற கேள்வியை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். எந்த முறையும் உப்பை மாயமாக்காது. ஆயிரம் பேர் உள்ள ஊரில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என்றால் பத்தாயிரம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டமும் சமுதாயச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு எட்டு முதல் பத்து லிட்டர் என்றே கணக்கிடுகிறது. பாதி மீட்கும் ஆலை நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் உப்புநீரை வெளியேற்றும். 85 சதவீதம் மீட்டால் வெளியேறுவது 1,800 லிட்டருக்கும் குறைவு. வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகும் என்று கொண்டால், முதலாவதை ஆவியாக்க 50 சென்ட் பாத்தி வேண்டும், இரண்டாவதற்கு ஒன்பது சென்ட் போதும். எந்த ஊராட்சியும் கழிவுநீருக்காக அரை ஏக்கர் ஒதுக்காது, அதனால் அது தெருவுக்குப் போகிறது. ஒன்பது சென்ட் ஒதுக்கலாம், தார்ப்பாய் விரிக்கலாம், மழைக்காலத்தில் மூடி வைக்கலாம். தண்ணீர் மீட்பு அளவு என்பது சிக்கனப் பேச்சு மட்டுமல்ல. உப்பு நிலத்துக்குத் திரும்புமா திரும்பாதா என்பதை முடிவு செய்வது அந்த எண்தான்.

ஏரியைத் தூர்வாரி மழைநீரைச் சேர்த்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதுதான் முதல் வேலை. தென்பெண்ணையில் தளவானூர் தடுப்பணை கட்டிய சில மாதங்களில், 2021 ஜனவரியில் உடைந்தது இந்த மாவட்டம் மறக்கக்கூடாத இழப்பு. ஆனால் பாறைப் பகுதியில் மழை பெய்தவுடன் உப்பு கரைந்து போய்விடாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, மாவட்டமே மிதந்தது. அவ்வளவு தண்ணீரும் வந்த வேகத்தில் கடலுக்குப் போனது. விரிசலுக்குள் இறங்கிய பங்கு கொஞ்சம்தான். வயல் வழியே இறங்கும் தண்ணீர் நைட்ரேட்டையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஏரி நிறையப் பல ஆண்டு வேலை இருக்கிறது. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைக் கைக்குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுக்கும் வீடு அதுவரை காத்திருக்க முடியாது. மரக்காணம் கடற்கரையில் கடல்நீர் ஆலை அமைத்துக் குழாயில் கொண்டுவரும் யோசனையும் பேசப்படுகிறது. அது கடலோர ஊர்களுக்கும் திண்டிவனத்துக்கும் நியாயமானது. காணை ஒன்றியத்தின் பாறை ஊர்கள் வரை, லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு உள்ள தண்ணீரை விட்டுவிட்டு 35 கிராம் உப்பு உள்ள தண்ணீரைச் சுத்தம் செய்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவருவது எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு கரி ஆலைகளைப் பற்றியது. காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக் கரி சுடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெடுகிறது என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்காகப் போராடியிருக்கிறார்கள். தண்ணீரைச் சுத்தமாக்கும் கரியைச் செய்ய இன்னொரு ஊரின் தண்ணீரைக் கெடுத்தால் அது பாவம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுக் கிளர்வூட்டும் ரசாயன முறை ஆய்வகத்தில் நல்ல எண்களைத் தரும். அதன் கழுவுநீரை எங்கே விடுவது என்பதற்கு அங்கே பதில் இல்லை. திறன் சற்றுக் குறைந்தாலும் நீராவி முறையையும், புகையை எரித்து வெப்பத்தை மீட்கும் மூடிய உலையையும் கட்டாயமாக்க வேண்டும். தேவை சில டன்கள்தான் என்பதால் சிறிய, கண்காணிக்கக்கூடிய உலை ஒன்றே போதும்.

அரசிடம் கேட்பது பெரிய தொகை அல்ல. முதலில் ஒப்பந்தப்புள்ளியின் வாசகம் மாற வேண்டும். ‘ஆர்.ஓ. இயந்திரம் இத்தனை லிட்டர் திறனில்’ என்று கேட்கும் வரை ஆர்.ஓ. மட்டும்தான் வரும். உள்ளே வரும் தண்ணீரில் இன்னின்ன இருக்கிறது, வெளியே டி.டி.எஸ். 300க்கும் 500க்கும் இடையே, நைட்ரேட் 45க்குக் கீழே, ஃபுளூரைடு ஒன்றுக்குக் கீழே வேண்டும், 80 சதவீதத் தண்ணீர் மீட்கப்பட வேண்டும், மூன்று ஆண்டு இந்த எண்கள் நிற்க வேண்டும் என்று எழுதினால் எந்த முறை தகுதியானதோ அது வரட்டும். ஆர்.ஓ.வே அந்த எண்களைத் தொட்டால் அதையே வாங்கலாம். கூடவே, காணை ஒன்றியத்தில் பாறை நீர் உள்ள சில ஊர்களிலும் மரக்காணம் பக்கம் உவர்நீர் உள்ள சில ஊர்களிலும் இரண்டு வகை இயந்திரங்களையும் அருகருகே நிறுத்தி, இரண்டு கோடையும் இரண்டு மழையும் கடக்கும் வரை இயக்கிப் பார்க்க வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை தண்ணீரைச் சோதிக்கவும், தேய்ந்த கரித் தகட்டைக் கழற்றி எடை போட்டுத் திறன் அளக்கவும் அங்கே மாணவர்கள் இருக்கிறார்கள். அளந்த எண்களை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகத்திலும் மேல்நிலைத் தொட்டியின் கீழும் எழுதி வைக்க வேண்டும். உள்ளே போன லிட்டர், வெளியே வந்த லிட்டர், யூனிட், டி.டி.எஸ்., நைட்ரேட் என ஐந்து எண்கள் போதும். கிராம சபையில் அவற்றைப் படித்துக் காட்டிய பிறகு அடுத்த இயந்திரத்தை எந்த வகையில் வாங்குவது என்று ஊராட்சியே தீர்மானம் போடட்டும்.